விற்கச் சொல்லி யாரும் வற்புறுத்த முடியாத பணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 2025 முடிய அமெரிக்க முதலீட்டு நிறுவனமான பெர்க்‌ஷயர் ஹாத்தவேயை நடத்திவிட்டு, 95 வயதில் அந்தப் பொறுப்பைக் கிரெக் ஏபலிடம் ஒப்படைத்த ஒரு மனிதரை இளைய வாசகர்களுக்கு அறிமுகம் செய்தது நல்ல காரியம். கட்டுரையின் கடைசிப் பத்திதான் எனக்கு உறுத்தலாக இருந்தது. நல்ல பங்கை வாங்கு, பொறுமையாக வைத்திரு, என்ன ஆனாலும் விற்காதே, அவர் ரகசியம் அவ்வளவுதான் என்று முடித்துவிட்டீர்கள். இதை நம்பிப் பணம் போடப்போகிறவர்களை நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உள்தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு நிறுவனத்தின் கணக்கு மேசைக்கு வந்தால் லாபத்தை நாங்கள் அப்புறம்தான் பார்ப்போம். யாருக்குக் கடன், எவ்வளவு, அவர்கள் எந்தத் தேதியில் வந்து கேட்கலாம் என்பதுதான் முதல் பார்வை. நல்ல லாபம் காட்டிய நிறுவனங்கள் அந்தத் தேதியில் கையில் பணம் இல்லாமல் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். பஃபெட் தன் பங்குதாரர்களுக்கு எழுதிய ஆண்டுக் கடிதங்கள் 1977-லிருந்து நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. அவற்றைப் பிரிண்ட் எடுத்து, பென்சிலும் கையுமாக, அதே பழக்கத்தில்தான் படித்து வந்திருக்கிறேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. அவர் பொறுமைசாலி என்பது உண்மை. ஆனால் அந்தப் பொறுமையைக் கலைக்கும் அதிகாரம் வேறு யாருக்கும் இல்லாதபடி தன் பணத்தையும் வாழ்க்கையையும் ஒழுங்குசெய்து வைத்திருந்தார். உங்கள் கட்டுரையில் விடுபட்டது இந்த இரண்டாவது பாதி.

அவருடைய முதல் பங்கிலிருந்தே இதைப் பார்க்கலாம். 1942 மார்ச் மாதம், 11 வயதில், ஆறு வயதிலிருந்து சேர்த்த 114 டாலர் 75 சென்ட்டைக் கொண்டு சிட்டீஸ் சர்வீஸ் என்ற நிறுவனத்தின் முன்னுரிமைப் பங்கு மூன்று வாங்கினார். அக்கா டோரிஸையும் சேர்த்துக்கொண்டு அவருக்கும் மூன்று. 38 டாலர் சொச்சத்துக்கு வாங்கிய பங்கு 27-க்கு இறங்கியது. பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் அக்கா அதைப் பற்றியே பேச, விலை 40-க்கு ஏறியதும் பஃபெட் இருவர் பங்கையும் விற்றுவிட்டார். பின்னாளில் அது 200-ஐத் தாண்டியது. இந்தக் கதையை எல்லோரும் பொறுமையின்மைக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. பையனுடைய கணிப்பு தப்பாகவில்லை. கூட இருந்தவருடைய பணம் அவன் தோளில் உட்கார்ந்திருந்தது. தினமும் கணக்குக் கேட்கிறவரின் பணத்தை வைத்துக்கொண்டு யாராலும் நீண்ட காலம் காத்திருக்க முடியாது.

பெரியவரான பிறகு அவர் செய்த ஏற்பாடுகளைப் பாருங்கள். 1956-ல் ஒமாஹாவில் தொடங்கிய கூட்டு முதலீட்டில் ஏழு பேர் போட்டது 1,05,000 டாலர். அவருடைய பங்கு 100 டாலர். என்ன வாங்கியிருக்கிறேன் என்று சொல்லமாட்டேன், பணத்தைப் போடவோ எடுக்கவோ ஆண்டுக்கு ஒரு நாள்தான், அது டிசம்பர் 31 என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பணம் போட்டவர்களில் சொந்த அத்தையும் இருந்தார், மாமனாரும் இருந்தார். உறவுக்காரர்களிடம் இந்த நிபந்தனையைச் சொல்ல 25 வயதில் எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவர் அடக்கமானவர் என்று எழுதுகிற நாம் இந்தக் கறாரையும் எழுத வேண்டும். 1957 முதல் 1969 வரை அந்தக் கூட்டு முதலீடு ஆண்டுக்குச் சராசரியாக 29.5 சதவீதம் வளர்ந்தது. அப்படி வளர்ந்துகொண்டிருந்தபோதே, சந்தையில் தனக்குப் புரிகிற விலையில் எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லி 1969-ல் மூடும் முடிவை எடுத்தார். பணத்தைப் பிரித்துக் கொடுத்தார்.

அதற்கு அப்புறம் அவர் முழுக்கப் போய் உட்கார்ந்த இடம் பெர்க்‌ஷயர். 1965-ல் அவர் கைக்கு வந்தபோது அது நஷ்டத்தை நோக்கிப் போன ஒரு துணி ஆலை. 1985-ல் ஆலையை மூடியே விட்டார்கள். ஆனால் அது ஒரு கம்பெனி. இது சின்ன விஷயமாகத் தெரியும், தணிக்கைக்காரிக்கு இதுதான் பெரிய விஷயம். கூட்டு முதலீட்டில் பணம் போட்டவர் பயந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதைக் கொடுப்பதற்கு நீங்கள் பங்குகளை விற்றாக வேண்டும். ஒரு கம்பெனியின் பங்குதாரர் பயந்தால் தன் பங்கை இன்னொருவருக்கு விற்றுவிட்டுப் போவார். கம்பெனியின் பணப்பெட்டியிலிருந்து ஒரு சென்ட்கூட வெளியே போகாது. உள்ளே இருக்கும் பணம் உள்ளேயே இருக்கும். பஃபெட் வந்த பிறகு பெர்க்‌ஷயர் டிவிடெண்ட் (லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் தொகை) கொடுத்ததும் ஒரே ஒரு முறைதான். 1967-ல், பங்குக்கு 10 சென்ட்.

அதே 1967-ல் நேஷனல் இன்டெம்னிட்டி என்ற ஒமாஹா காப்பீட்டு நிறுவனத்தை 86 லட்சம் டாலருக்கு வாங்கினார். காப்பீட்டில் பிரீமியம் முதலில் வந்துவிடும், க்ளெய்ம் பிறகுதான் வரும். இடையில் கையில் நிற்கும் பணத்தை நிறுவனம் முதலீடு செய்துகொள்ளலாம். 1970-ல் பெர்க்‌ஷயரிடம் அப்படி நின்ற பணம் 3.9 கோடி டாலர். 2024 முடிவில் 17,100 கோடி டாலர். அதுவும் அடுத்தவர் பணம்தானே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் விபத்தும் தீயும் புயலும் நடந்தால்தான் அதைக் கேட்பார்கள். பங்குச் சந்தை விழுந்த காரணத்துக்காகப் பாலிசிதாரர்கள் ஒரே நாளில் வாசலில் வந்து நிற்க முடியாது. வங்கிக் கடனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். காப்பீட்டுத் தொழிலை ஒழுங்காக, நஷ்டமில்லாமல் நடத்தினால் அந்தப் பணத்துக்கு வட்டியும் கிடையாது. இந்த ஒரு ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளாமல் அவருடைய நீண்டகால முதலீட்டைப் புரிந்துகொள்ள வழியே இல்லை என்பது என் எண்ணம்.

இவ்வளவும் எதற்கு என்பதற்குப் பதில், 2018 பிப்ரவரியில் வந்த கடிதத்தில் அவர் போட்டிருக்கும் ஒரு சின்ன அட்டவணை. நான்கே வரி. பெர்க்‌ஷயர் பங்கே எப்படி எப்படி விழுந்தது என்ற கணக்கு. 1973 மார்ச்சிலிருந்து 1975 ஜனவரிக்குள் 93 டாலரிலிருந்து 38-க்கு, அதாவது 59.1 சதவீத இறக்கம். 1987 அக்டோபரில் ஒரு மாதம்கூட ஆகாமல் 4,250-லிருந்து 2,675-க்கு, 37.1 சதவீதம். 1998 ஜூனிலிருந்து 2000 மார்ச்சுக்குள் 80,900-லிருந்து 41,300-க்கு, 48.9 சதவீதம். 2007 செப்டம்பரிலிருந்து 2009 மார்ச்சுக்குள் 1,47,000-லிருந்து 72,400-க்கு, 50.7 சதவீதம்.

1965 முதல் 2024 வரை ஆண்டுக்குச் சராசரியாக 19.9 சதவீதம் வளர்ந்த அதே பங்குதான் இது. உலகத்திலேயே பெயர்பெற்ற ஒரு முதலீட்டாளரின் சொந்த நிறுவனம், மூன்று தடவை ஏறக்குறைய பாதியாகவோ அதற்கும் கீழாகவோ போயிருக்கிறது. இந்த அட்டவணையை அவர் போட்டது தன் வீரத்தைச் சொல்லிக்கொள்ள இல்லை. கடன் வாங்கிப் பங்கு வாங்காதீர்கள் என்று சொல்வதற்காகவே போட்டார். கடன் சின்னதாக இருந்தாலும், விலை சரியும்போது வருகிற பயமுறுத்தும் தலைப்புச் செய்திகளில் மனம் கலங்கிவிடும், கலங்கிய மனம் நல்ல முடிவு எடுக்காது என்பது அவர் வாதம்.

அந்த முதல் வரியில், 1973-75 சரிவில், ஒரு மனிதர் இருக்கிறார். பஃபெட், அவருடைய நீண்டகாலக் கூட்டாளி சார்லி மங்கர் இருவருக்கும் அந்நாளில் நெருக்கமாக இருந்த ரிக் கெரின். திறமையில் அவர் குறைந்தவர் இல்லை. 1984-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேசியபோது பஃபெட் கெரினின் முதலீட்டுக் கணக்கை எடுத்துக்காட்டினார்: 19 ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரி 32.9 சதவீதம். ஆனால் அந்த வரிசைக்குள்ளேயே 1973-ல் 42 சதவீத இழப்பும், 1974-ல் 34.4 சதவீத இழப்பும் அடுத்தடுத்து நிற்கின்றன. 2008-ல் பஃபெட்டோடு, அறக்கட்டளைக்கு நிதி திரட்ட ஏலம் விட்ட விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்ட முதலீட்டாளர் மோனிஷ் பாப்ராய், கெரின் என்ன ஆனார் என்று அவரிடம் கேட்டிருக்கிறார். கெரின் அந்தச் சரிவுக்குள் கடனோடு போயிருந்தார், கடன் கொடுத்தவர்கள் பணம் கேட்டார்கள், தன் பெர்க்‌ஷயர் பங்குகளை 40 டாலருக்கும் கீழே பஃபெட்டிடமே விற்றார் என்று பதில் வந்ததாக பாப்ராய் சொல்லியிருக்கிறார். மூவருக்கும் கூர்மை ஒன்றுதான், கெரினுக்கு மட்டும் அவசரம் என்பதே அந்தப் பதிலின் சாரம். அவர் பிறகு எழுந்துகொண்டார், வசதியாகவே வாழ்ந்தார். ஆனால் அந்தப் பங்குகள் போனது போனதுதான்.

இது ஏதோ அமெரிக்கப் பழங்கதை என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. என் அண்ணன் மகன் 2020 மார்ச்சில் இதைத்தான் அனுபவித்தான். படித்த பையன், பொறுப்பானவன். நல்ல நிறுவனங்களாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தான். பட்டியலை நானும் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாதிக்கு மேல் புரோக்கரிடம் மார்ஜினில், அதாவது பங்குகளையே ஈடாக வைத்துக் கடனில், எடுத்தது. கொரோனா பயத்தில் சந்தை சரிந்தபோது காலையில் ஒரு குறுஞ்செய்தி, மதியத்துக்குள் இவ்வளவு பணம் கட்டுங்கள் என்று. அவன் நகைக்கடன் வாங்க அலைந்துகொண்டிருந்த நேரத்தில் கணக்கிலிருந்த பங்குகளை அவர்களே விற்றுவிட்டார்கள். அன்று சாயங்காலம் போனில் அவன் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது: “அத்தை, நான் விற்கவே இல்லை. அவங்களா வித்துட்டாங்க.” அதே பங்குகள் அடுத்த ஆண்டே ஏறி நின்றதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவனிடம் போய்ப் பொறுமை போதவில்லை என்று யார் சொல்ல முடியும்? விற்காதே என்ற அறிவுரையை அவன் கடைசி நிமிடம் வரை கடைப்பிடித்தான்.

அப்புறம், பஃபெட் விற்கவே மாட்டார் என்பதும் சரியில்லை. ஐபிஎம் பங்குகளைச் சில ஆண்டுகளிலேயே விற்று வெளியேறினார். 2020 ஏப்ரலில் நான்கு அமெரிக்க விமான நிறுவனங்களின் பங்குகளை மொத்தமாக விற்றார். 2024-ல் ஆப்பிளில் பெரும்பகுதியைக் குறைத்தார். தன் கருத்து மாறினால் விற்பார். அடுத்தவர் நெருக்கடிக்காக விற்றதில்லை. இந்த வேறுபாட்டைக் கட்டுரையில் ஒரே ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

வைத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கோகோ கோலாவை விட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது. 1988-ல் தொடங்கி 1994 வரை வாங்கி 40 கோடி பங்கு சேர்த்தார். மொத்தச் செலவு 130 கோடி டாலர். 1994-ல் அதிலிருந்து வந்த டிவிடெண்ட் 7.5 கோடி டாலர். 2022-ல் வந்தது 70.4 கோடி. போட்ட பணத்தில் பாதிக்கு மேல் ஒரே ஆண்டில் டிவிடெண்டாகவே வந்துவிட்டது. இடையில் அந்தப் பங்கு நெடுங்காலம் ஏறாமல் சோர்ந்து கிடந்த வருடங்களும் உண்டு. கடன்காரருக்கு அந்த வருடங்களில் வட்டி ஏறிக்கொண்டே இருந்திருக்கும்.

வீட்டுச் செலவும் இதே கணக்கில்தான் வருகிறது. 1958-ல் 31,500 டாலருக்கு வாங்கிய வீட்டிலேயே இன்றுவரை இருக்கிறார் என்று எழுதிவிட்டு, எளிமையானவர் என்று பாராட்டியிருந்தீர்கள். பல பத்தாண்டுகளாக அவர் வாங்கிய சம்பளம் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர். இதை நான் எளிமையாக மட்டும் பார்க்கவில்லை. செலவு கட்டுக்குள் இருந்தால் முதலீட்டைக் கலைக்கும் தேவை வராது. நிறுவனத்திலும் அதே முறை: 2024 முடிவில் பெர்க்‌ஷயர் ரொக்கமாகவும் அரசுக் குறுகிய காலப் பத்திரமாகவும் வைத்திருந்தது 33,400 கோடி டாலர். பணத்தைச் சும்மா வைத்திருக்கிறார் என்று ஆண்டாண்டுகளாகக் குறை சொல்கிறார்கள். 2008 செப்டம்பரில் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கிக்கு அவசரமாக 500 கோடி டாலர் தேவைப்பட்டபோது, காசோலை எழுதிக்கொடுக்கும் நிலையில் இருந்தவர் அவர். நிபந்தனைகளும் அவருக்குச் சாதகமாகவே அமைந்தன.

இதெல்லாம் காப்பீட்டு நிறுவனம் வைத்திருப்பவருக்குச் சரி, சம்பளக்காரருக்கு என்ன என்று வாசகர் கேட்பார். கேட்க வேண்டும். தன் மறைவுக்குப் பின் மனைவிக்கு விட்டுச்செல்லும் பணத்துக்கு அவர் எழுதிவைத்த குறிப்பு 2013-ஆம் ஆண்டுக் கடிதத்தில் இருக்கிறது: 90 சதவீதம் செலவு குறைந்த எஸ்&பி 500 குறியீட்டு நிதியில் (அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களின் பங்குகளை மொத்தமாக வாங்கிவைக்கும் நிதி), 10 சதவீதம் குறுகிய கால அரசுப் பத்திரங்களில். எல்லோரும் 90-ஐப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அந்த 10-தான் முக்கியமாகப் படுகிறது. சந்தை பாதியாகக் கிடக்கும் வருடத்திலும் வீட்டுச் செலவுக்காக அந்த 90-ஐத் தொடாமல் இருக்க வைப்பது அந்த 10.

இன்னொருவரையும் உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கிரேஸ் க்ரோனர். சிகாகோவுக்கு அருகே அபாட் மருந்து நிறுவனத்தில் 43 ஆண்டுகள் செயலாளராக வேலை பார்த்தவர். 1935-ல் அந்த நிறுவனத்தின் பங்கு மூன்று வாங்கினார். மொத்தம் 180 டாலர். டிவிடெண்டைத் திரும்பவும் அதிலேயே போட்டார், பங்குகள் பிரிந்து பிரிந்து பெருகின. ஒரே படுக்கையறை கொண்ட சின்ன வீடு, கார் கிடையாது. 2010-ல் நூறு வயதில் அவர் இறந்த பிறகு, தான் படித்த லேக் ஃபாரஸ்ட் கல்லூரிக்கு அவர் விட்டுச்சென்றது ஏறக்குறைய 70 லட்சம் டாலர் என்று தெரிந்தது. ஒரே நிறுவனத்தில் எல்லாவற்றையும் வைக்கச் சொல்லி நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதே 1935-ல் வேறு நிறுவனத்தில் மூன்று பங்கு வாங்கி ஒன்றுமில்லாமல் போனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. நான் காட்ட விரும்புவது அந்த 180 டாலர் யாரிடமும் கைநீட்டி வாங்கியதாக இல்லை, எந்தத் தேதிக்கும் தேவைப்பட்டதாகவும் இல்லை என்பதை. சம்பளத்துக்குள் வாழ்ந்தார், அதனால் பங்கு அது பாட்டுக்கு இருந்தது.

உங்கள் பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். பங்கு முதலீட்டைப் பற்றி எழுதும்போது எதை வாங்கலாம் என்பதோடு, எந்தப் பணத்தில் வாங்கக் கூடாது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். கடன் பணம், மார்ஜின், இரண்டு மூன்று வருடத்தில் பெண் கல்யாணத்துக்கோ படிப்புக்கோ எடுக்க வேண்டிய பணம், வேலை போனால் ஆறு மாதம் குடும்பம் நடத்தவேண்டிய பணம் என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். அந்த நான்கு வரி அட்டவணையை அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டத்துக்குள் போட முடிந்தால் நல்லது. கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது, படிக்கக் கட்டணம் கிடையாது. தமிழில் சுருக்கித் தர ஆள் வேண்டுமென்றால் அந்தப் பகுதியை நானே எழுதி அனுப்புகிறேன், சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற உள்தணிக்கை அலுவலர்